மலைக்காற்றில் சுர இடைவெளி மாறுவதில்லை

உதகை போன்ற 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சுர இடைவெளிகள் மாறிவிடும், இங்கே காது பழகிய பிள்ளைகளுக்குச் சமவெளியில் சுரம் பிடிபடாது என்று குன்னூர், கோத்தகிரிப் பெற்றோரிடையே பரவும் வாட்ஸ்அப் செய்தி தவறானது. காற்றில் ஒலியின் வேகத்தை முக்கியமாக முடிவுசெய்வது வெப்பநிலையே; உயரத்தால் குறையும் அழுத்தம் அன்று. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதால், பனிக்காலக் காலையில் குளிர்ந்த புல்லாங்குழலின் சுருதி சற்றுத் தாழ்வது உண்மைதான். ஆனால் அப்போது எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இறங்குகின்றன. அடிப்படைச் சுரமான சட்ஜமம் (ச) 240 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் (ப) 360. சட்ஜமம் 232 ஆனால் பஞ்சமம் 348. இரண்டிலும் 3:2 என்ற உறவே கேட்கிறது, பயிற்சியில் காது கற்பதும் அந்த உறவைத்தான். பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதி வைக்கும் நம் இசையில் இது புதிய செய்தியே அன்று. பிள்ளைகளின் இசை வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்; தம்புரா சுருதியில் ச–ப, ச–ம பாடச் செய்து, பிறகு சுருதியை மாற்றி அதையே மீண்டும் பாடவிடுங்கள்.