விசாரணை கேட்டவர்கள் மீது என்ன கோபம்?

ஞாயிறு கூட்டத்தில் அந்த அண்ணா சொன்னதைக் கேட்டுச் சிரித்த பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். கனடாவில் கொல்லப்பட்ட, காணாமல்போன பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய பேச்சு அது. "இந்தப் பூர்வகுடிச் சனத்துக்கு இன்னும் எத்தினை விசாரணை? எங்கட வரிக்காசு!" மூன்று நாளாக நித்திரை இல்லை எனக்கு.

எத்தனையா? 1980இலிருந்து 2012வரை கொல்லப்பட்ட, காணாமல்போன பூர்வகுடிப் பெண்கள் 1,181 பேர் என்று 2014இல் கனடியப் பொலிஸே கணக்குக் காட்டியது. அப்போதும் பிரதமர் ஹார்ப்பர் தேசிய விசாரணைக்கு இசையவில்லை. கேட்டுக் கேட்டு, 2016இல்தான் தொடங்கினார்கள். குடும்பத்தவரும் தப்பி வந்தவர்களுமாக 1,484 பேர் சாட்சி சொன்னார்கள். 2019 ஜூனில் 231 நீதிக் கோரிக்கைகளோடு அறிக்கை வந்தது. இனப்படுகொலை என்றே எழுதினார்கள். நிறைவேற்ற வேண்டியது அரசு. அது இழுத்தடித்தால் கோபம் கேட்டவள் மேலா வரவேண்டும்?

மனிடோபா மாகாணத்து வின்னிபெக் நகரை மறந்துவிட்டோமா? குப்பை மேட்டுக்குள் கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் கிடக்கின்றன என்று தெரிந்தும் தேட முடியாது என்றது பொலிஸ். 2023 மாகாணத் தேர்தலில், தேடமாட்டோம் என்பதையே விளம்பரப் பலகையில் போட்டு ஆளுங்கட்சி வாக்குக் கேட்டது. தோற்றது. பிறகு தேடினார்கள், 2025இல் இரண்டு பெண்களின் எச்சங்கள் கிடைத்தன. செத்தவளின் பிள்ளைகள் கூடாரம் போட்டு இருந்து கேட்டிராவிட்டால் இன்றைக்கும் அந்தக் குப்பைக்குள்தான்.

"கொல்லுறது அவையின்ர ஆம்பிளையள்தானே" என்று கீழே எழுத வருவீர்கள். பல வழக்குகளில் தெரிந்தவன்தான் கொன்றிருக்கிறான், உண்மை. எந்த இனத்துப் பெண்ணுக்கும் அதுதானே நடக்கிறது? எங்கள் வீட்டுப் பிள்ளையை எங்கள் ஆளே கொன்றால் பொலிஸ் தேடவேண்டாமா?

"முதல்ல எங்கட பிரச்சினையைக் கதை" என்பவர்களுக்கு: எங்கள் பிரச்சினையைத்தான் கதைக்கிறேன். 2009இல், இலங்கையில் போர் முடிந்தபோது, மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவ என் மாமி. அவன் திரும்பவில்லை. காணாமல்போனோரை விசாரித்த ஓர் ஆணைக்குழு முன்னால் படத்தோடு போய் நின்றவவிடம், ஆடு வேண்டுமா கோழி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். மாமி அதைச் சொல்லும்போது அழுவதில்லை. கைதான் நடுங்கும். அந்த நாட்டு அரசும் எத்தனை விசாரணை என்றுதான் கேட்கிறது. அதே வசனம், சொல் மாறாமல், இங்கே டொராண்டோ ஸ்காபரோவில் எங்கள் வாயிலிருந்து!

மாமி இங்கே வந்து நின்ற மே மாதம், அந்தப் பூர்வகுடிப் பெண்களின் நினைவாகப் பூங்கா மரத்தில் தொங்கவிட்டிருந்த வெறும் சிவப்புச் சட்டையைக் கண்டு நின்றுவிட்டா. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டா.

அண்ணாவுக்கும் மாமியைத் தெரியும். ஒரே ஊர். அவவுக்கு முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பாரா?