தையல் மெஷினிலும் அதே கணக்குதான்
உணவு டெலிவரி செய்பவர்களை அவர்கள் போனில் உள்ள செயலி எப்படி விரட்டுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் இது எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குள்ளும் வந்துவிட்டது. நான் பதினைந்து வருடமாக ஓவர்லாக் டெய்லர், அதாவது துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷினில் வேலை. இப்போது மெஷினுக்கு ஒரு டேப்லெட். தோள்பட்டை இணைக்க இத்தனை நொடி என்று முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள், தாண்டினால் திரை சிவப்பாகிறது. நூல் அறுந்ததா, சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியின் ஓரம் சுருண்டதா, முந்தின டெய்லரிடமிருந்து பீஸ் வரவில்லையா, எதுவும் அதற்குத் தெரியாது. முன்பெல்லாம் "ஊசி உடைஞ்சு போச்சுங்கண்ணா" என்றால் சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். இப்போது அவரே "சிஸ்டத்துல அப்படித்தானுங்க காட்டுது" என்கிறார். பாத்ரூம் போன நேரமும் மெஷின் நின்ற நேரமாக என் பெயரில் ஏறுகிறது. பக்கத்து மெஷின் அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் மனசு ஆறவில்லை.

செயலி எடுக்கும் முடிவை ஒரு மனிதர் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமாக்கியது. அதுவும் செயலி வழி வேலை செய்பவர்களுக்குத்தான். நாங்கள் தைப்பதில் நிறைய அங்கேதான் போகிறது. டேப்லெட்டில் ஏறும் எங்கள் நேரக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள், தப்பென்றால் ஒரு ஆள் வந்து பார்த்துத் திருத்தட்டும்.