டயலுக்குப் பெயிண்ட் அடிப்பதை நிறுத்துங்கள்

பழைய கைக்கடிகார விளம்பரங்களைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. படம் படமாகப் போட்டிருப்பார்கள். அத்தனையும் டயலைத்தான் காட்டும், கொஞ்சம் கொஞ்சம் கோணம் மாற்றி. கீழே ‘1950 மாடல், ஒரிஜினல், நல்ல ஓட்டம்’ என்று ஒரு வரி. பின்மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. மெஷின் படம் அனுப்ப முடியுமா என்று தன்மையாகக் கேட்டால், ‘திறக்க டூல் இல்லை சார்’ என்று பதில் வரும். திறந்தே பார்க்காத வாட்ச் 1950 என்று உங்களுக்கு யார் சொன்னது? டயல் வட்டமாக இருந்து, கண்ணாடி கொஞ்சம் மேடாக இருந்தால் 1950 ஆகிவிடுமா?

அந்தக் காலத்து வாட்சின் வயது பெரும்பாலும் டயலில் இருக்காது. ஒமேகா என்றால் மெஷின்மேல் வரிசை எண் இருக்கும். அது சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் என்றால் 1950 வாக்கில் செய்தது, ஒரு கோடியே எழுபது லட்சம் என்றால் 1960 வாக்கில். புலோவாவில் இன்னும் சுலபம். பின்மூடியில் எல்5 என்றிருந்தால் 1955, எம்2 என்றிருந்தால் 1962. சீகோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் மெஷின் எண்ணை வைத்துப் பிடிக்க வேண்டும். டயலில் யாருமே கேள்விப்படாத ஒரு ஸ்விஸ் பெயர் இருந்தாலும் கவலையில்லை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலுக்கு அடியில் தகட்டில் கூர்ந்து பார்த்தால் ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஈட்டா என்று மெஷின் செய்தவரின் முத்திரையும் எண்ணும் பெரும்பாலும் தெரியும். பேலன்ஸைத் தாங்கும் பாலத்தில் ஓ.எக்ஸ்.ஜி. என்று மூன்று எழுத்து இருந்தால் அது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஒமேகா மெஷின். எல்.எக்ஸ்.டபிள்யூ. என்றால் லான்ஜின்ஸ். இவ்வளவும் செய்தவர்களே பதித்து வைத்துவிட்டுப் போன விவரம். ஒரு பின்மூடியைத் திறந்தால் போதும், அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்ச், அதாவது கை அசையும்போது உள்ளே ஓர் எடை ஆடித் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் வாட்ச், விற்பவர்கள் சிலர் இன்னொரு கூத்து. ‘அசைத்தால் உள்ளே இடிக்கிற சத்தம் வரும், சர்வீஸ் பண்ணினால் சரியாகிவிடும்’ என்று எழுதுகிறார்கள். ஐயா, அது அப்படித்தான் இடிக்கும்! ஒமேகாவின் 1940-களின் ஆட்டோமேட்டிக் மெஷின்களில் எடை முழுவட்டம் சுற்றாது. இரண்டு பக்கமும் சின்ன ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். முழுவட்டம் சுற்றும் எடை, அதாவது ரோட்டர், அவர்களுக்கு 1955 வாக்கில்தான் வந்தது. கையில் லேசாக டொக் டொக் என்று உணரும் அந்த மோதல்தான் அந்த மெஷினின் அடையாளமே. அதைப் பழுது என்று சொல்லி விற்பவரிடம் நான் எதை நம்பி வாங்குவது?

சரி, இதெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம். விடவே முடியாத ஒன்று இருக்கிறது.

ஒரு ஒமேகா விற்பனைக்கு வந்தது. சாவி கொடுக்கிற மெஷின், ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் மெஷின் குடும்பத்தில் 265 என்ற எண்ணுள்ளது, ஆறு மணி இடத்தில் தனி வினாடி வட்டம். அபூர்வமாக அந்த விற்பனையாளர் மெஷினையும் படமெடுத்துப் போட்டிருந்தார். செம்பு நிறம் மாறாத மெஷின். வரிசை எண் ஒரு கோடியே முப்பது லட்சத்தை ஒட்டியது, அதாவது 1952 வாக்கில் செய்தது. பாலத்தின் திருகு ஒன்றின் தலையில், எப்போதோ யாரோ திருப்புளி நழுவவிட்டதால் ஒரு சாய்வான கீறல். டயல் வெள்ளியிலிருந்து மங்கிய தந்த நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் புள்ளி. முட்களில், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியப் பூச்சு. அந்த முட்கள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும், அவற்றுக்குக் கீழே டயலில் பழுப்பாக இரண்டு நிழல் பட்டைகள் பதிந்திருந்தன. ரேடியம் உமிழும் கதிர் மெல்ல மெல்லச் சுட்ட தடம் அது. இவ்வளவு நேர்மையான டயலை நான் அதிகம் பார்த்ததில்லை. விலை எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து அதே மெஷின், அதே வரிசை எண், திருகில் அதே சாய்வான கீறல். விற்பவர் வேறு. விலை பல மடங்கு. டயல் பளபளவென்று பால் வெள்ளை! ஓரத்தில் புள்ளியும் இல்லை, நிழலும் இல்லை. ஆறு மணிக்குக் கீழே, கறுப்பாகத் தடித்த எழுத்தில் ‘டி ஸ்விஸ் டி’. விளம்பரத்தில் ‘ஒரிஜினல் டயல்’ என்று வாய் கூசாமல் எழுதியிருந்தார்கள்.

அந்த இரண்டு ‘டி’யும் டிரிடியத்தைக் குறிப்பவை, ரேடியத்துக்குப் பதிலாக ஒளிரும் பூச்சில் சேர்த்த பொருள் அது. ஸ்விஸ் டயல்களில் அது 1960-களின் முற்பகுதியில்தான் வந்தது. 1952 மெஷினுக்கு மேல், பத்து வருடம் கழித்துப் பிறந்த ஓர் எழுத்து! பெயிண்ட் அடித்தவருக்கு அது என்ன என்றே தெரியவில்லை. கையில் இருந்த அச்சை எடுத்துக் குத்திவிட்டார். இதைச் சொல்லி விற்பவருக்கு எழுதினேன். பதில் இல்லை. வாட்ச் விற்றுப்போனது. வாங்கியவர் இன்று அதைக் கட்டிக்கொண்டு ஒரிஜினல் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரேடியப் பூச்சு இன்று இருட்டில் ஒளிராது, அதோடு கலந்த ஒளிரும் பொருள் எப்போதோ செத்துப்போனது. ஆனால் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். அதைச் சுரண்டி எடுக்கும்போது பறக்கும் தூசு மூச்சோடு உள்ளே போனால் உடம்புக்குக் கேடு. பளபளப்புக்காக இந்த வேலையைச் செய்பவரில் எத்தனை பேர் இதைத் தெரிந்து செய்கிறார்கள்?

பெயிண்ட் அடித்த டயலைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, படம் தெளிவாக இருந்தால். லென்ஸ் வைத்து ஓரத்து நிமிடக் கோடுகளைப் பாருங்கள். மணிக் குறியின் நுனி நேராக நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். மறுபூச்சில் பன்னிரண்டில் சரியாக இருக்கும், நாலு மணிக்கு வருவதற்குள் கோடு குறியைவிட்டு ஒரு மயிரிழை தள்ளிப் போயிருக்கும். வினாடி வட்டத்தைப் பாருங்கள். அசலில் அது ஊசி முனைக் கோடு, மறுபூச்சில் மை ஊறிப் பருத்திருக்கும். பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். கால்கள் மெலிந்து கூர்மையாக முடிய வேண்டியவை மழுங்கி உருண்டிருக்கும். டயலின் அடியில் இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்து, மறுபூச்சில் பல சமயம் கண்ணாடி விளிம்புக்குள் ஒளிந்திருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது. டயலின் விளிம்பில் அரத்தால் தேய்த்த சின்ன வெட்டு இருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடம், அச்சைப் பொருத்துவதற்காகப் போட்டிருப்பார்கள். இதனால்தான் விளம்பரப் படங்கள் மங்கலாகவும் சாய்வாகவும் இருக்கின்றன. தற்செயல் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

பெயிண்ட் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் சுடுகிறவர்கள். கறுப்பு டயல் சில வெயிலில் பல பத்தாண்டு இருந்து பழுப்பாக மாறும். அதற்குச் சந்தையில் மவுசு வந்ததும், டயலை அடுப்பில் வைத்துப் பழுப்பாக்க ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையாகவே பழசான டயலை வெள்ளையடித்துப் புதுசாக்குகிறார்கள், புதுசாக இருந்ததைச் சுட்டுப் பழசாக்குகிறார்கள். நடுவில் நிற்கும் நாங்கள் எதை நம்புவது?

பாலிஷ் பற்றியும் சொல்லாமல் விட மாட்டேன். பட்டை மாட்டும் நான்கு கொம்புகளிலும் அந்தக் காலத்தில் சரிவான விளிம்பு வெட்டியிருப்பார்கள். மேல்பக்கம் இழை இழையாகத் தேய்த்த வரி, பக்கவாட்டில் கண்ணாடி போன்ற பளபளப்பு, இரண்டுக்கும் நடுவே கத்தி விளிம்பு. சுழலும் பாலிஷ் சக்கரத்தில் ஒருமுறை அழுத்தினால் மூன்றும் போச்சு, கரைந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். தங்க முலாம் பூசிய கேஸ் என்றால் இன்னும் மோசம். இருபது மைக்ரான் தடிமன்தான் பூச்சே, பாலிஷ் போடப்போட அடியில் இருக்கும் உலோகம் பல்லிளிக்கும். தேய்ந்துபோன அசல் உலோகம் திரும்ப வராது.

கேட்டால் ஒரே பதில்: ‘பழசாகத் தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.’ யார் சொன்னது? எழுபது வருடம் ஓடிய பொருள் எழுபது வருடம் ஓடியது போல்தான் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் துருவேறி, எழுத்தே தெரியாமல் போன டயலாக இருந்தால் சரி, அதற்குப் பெயிண்ட் அடிப்பதில் எனக்குச் சண்டையில்லை. அந்த வாட்ச் மறுபடி கையேறட்டும். புள்ளி விழுந்த ஒரே காரணத்துக்காக நல்ல டயலைச் சுரண்டுவதுதான் பொறுக்கவில்லை. 1952-இல் ஒரு தொழிற்சாலையில் ஒருவர் அச்சிட்ட எழுத்து அது. ஒருமுறை சுரண்டினால் உலகத்தில் எங்கேயும் திரும்பக் கிடைக்காது.

விற்பவர்களே, பின்மூடியைத் திறந்து நேராக ஒரு படம். பின்மூடியின் உள்பக்கம் ஒரு படம், முத்திரையும் எண்ணும் படிக்கும்படி. டயலுக்கு நேர் எதிரே வைத்து, வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமல் ஒரு படம். திறக்கத் தெரியாவிட்டால் வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. வயது தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், அதனால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டோம்.

பெயிண்ட் அடிப்பவர்களே, அடித்தே தீர வேண்டும் என்றால் டயலின் பின்பக்கத்தில் தேதியைப் பொறித்துவிடுங்கள். செய்வதற்கு முன் எடுத்த படத்தை வாட்சோடு கொடுத்தனுப்புங்கள். இல்லாத ‘டி’யைப் போடாதீர்கள். அதை அடுத்து விற்பவர், மறுபூச்சு என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லட்டும், கேட்ட பிறகு அல்ல.