சட்டமன்ற உறுப்பினரின் பக்கத்தில் சட்டமன்றம் எங்கே?

நம் சட்டமன்ற உறுப்பினர்களின் முகநூல் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு அவர்கள் எந்தத் திருமணத்தில் மணமக்களை வாழ்த்தினார்கள், எந்தக் குடமுழுக்கில் கலந்துகொண்டார்கள், எந்தத் தெருவில் கால்வாய்ப் பணிக்குப் பூமி பூஜை போட்டார்கள், எந்தத் துக்க வீட்டில் மாலை வைத்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாகத் தெரிந்திருக்கும். எந்தப் பதவியின் பெயரால் இவ்வளவு இடங்களிலும் அவர்களுக்கு முன்வரிசை கிடைக்கிறதோ, அந்தப் பதவிக்குரிய வேலையைப் பற்றி மட்டும் அங்கே ஏதும் இருக்காது. பேரவைக்குள் அவர் என்ன கேட்டார், எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தொகுதியில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் தம் தொகுதி மக்களுக்கு எழுத்தில் ஓர் அறிக்கை தர வேண்டும் என்பதே என் கருத்து. எந்தக் கட்சி ஆண்டாலும் இதை நான் கேட்பேன்.

வழிபாட்டிடங்களுக்கும் இல்ல விழாக்களுக்கும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொகுதிக்காரர்களின் நல்லது கெட்டதில் நிற்பது நம் அரசியலின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டில் 234 பேர்தான் சட்டம் இயற்றுகிறார்கள். 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்ட பிறகு, ஒரு சட்ட முன்வடிவை இரண்டாம் முறை எடுத்துப் பார்க்க வேறொரு அவை இல்லை. அந்த 234 பேரும் பார்க்காமல் விட்டால் அதைப் பார்ப்பதற்கு நீதிமன்றம்தான் மிஞ்சும்.

அறிக்கை ஏன் அவசியமாகிறது என்பதற்கு முதல் காரணம் வாக்கெடுப்பு நடக்கும் முறை. பேரவையில் பெரும்பாலான சட்ட முன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போரின் குரலையும் 'இல்லை' என்போரின் குரலையும் கேட்டுப் பேரவைத் தலைவர் முடிவை அறிவித்துவிடுகிறார். யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்பது பெயர்வாரியாக எங்கும் பதிவாவதில்லை. 2017 பிப்ரவரியில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பைப் போல உறுப்பினர்களை எண்ணிக் கணக்கிடுவது அரிது. ஆகவே என் தொகுதியின் உறுப்பினர் ஒரு சட்டத்தை ஆதரித்தாரா, எதிர்த்தாரா, அப்போது அவையில் இருந்தாரா என்பதை அவரே சொன்னால் ஒழிய நான் அறிய வழியில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தைப் 12 மணி வரை நீட்டிக்க இடமளிக்கும் சட்டத் திருத்தம் அன்று நிறைவேறியது. இடதுசாரிகள் உட்பட ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததும் மூன்று நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஏப்ரல் 21 அன்று நில ஒருங்கிணைப்புச் சட்டமும் விவாதம் ஏதுமின்றி நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ளடங்கிய நிலங்களையும் பெருந்திட்டங்களுக்காகக் கையாள வழி திறக்கும் சட்டம் அது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் எத்தனை தொகுதிகளின் உறுப்பினர்கள் ஊர் திரும்பியதும் அதைப் பற்றி மக்களிடம் ஒரு வார்த்தை பேசினார்கள்? இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 2023இல் மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய சட்ட முன்வடிவுகளில் 44 விழுக்காடு, அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறியவை என்று பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உறுப்பினர் படித்துப் பார்க்கவே நேரமில்லாதபோது மக்களிடம் எதை விளக்குவார் என்று கேட்கலாம். அப்படியானால் படிக்க நேரம் தரப்படவில்லை என்பதையாவது அவர் எழுதட்டும். அதுவும் நாங்கள் அறிய வேண்டிய செய்திதான்.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீற முடியாத உறுப்பினர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற மறுப்பு உடனே வரும். 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தத்தின் வழியாக வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணைப்படி, கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விலகி நின்றாலோ பதவி பறிபோகலாம் என்பது உண்மை. ஆனால் தாம் அளித்த வாக்கை மக்களுக்கு விளக்குவதை அந்த அட்டவணை தடுக்கவில்லை. கட்சியைத் தாக்கி எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் சட்டம் இன்னது செய்கிறது, நம் தொகுதியில் இன்னாரை இது பாதிக்கும், நான் ஆதரித்தேன், காரணம் இது என்று நான்கு வரி எழுதினால் எந்தக் கட்சித் தலைமையும் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்ளும் என்றால், அந்தக் கட்சி தன் சட்டத்தைத் தானே நம்பவில்லை என்று பொருள்.

சட்டங்களைவிட எளிதாக எழுதக்கூடியவை வினாக்களும் வாக்குறுதிகளும். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாகக் காட்டப்படுகிறது. அதில் தம் உறுப்பினர் எழுந்து தொகுதியின் அரசு மருத்துவமனையைப் பற்றியோ தடுப்பணையைப் பற்றியோ கேட்பதைப் பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அந்தத் துண்டுக் காணொளி அன்று மாலையே கட்சிக்காரர்களின் பக்கங்களில் பரவிவிடும். ஆனால் அமைச்சர் சொன்ன பதில் என்ன? 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்பது ஒரு பதில். 'இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்' என்பது முற்றிலும் வேறொரு பதில். அமைச்சர்கள் அவையில் தரும் உறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு ஒன்று பேரவையில் இருக்கிறது. அது மாவட்டங்களுக்கு வந்து ஆய்வும் செய்கிறது. தொகுதிக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழிகள் எவை, அவற்றுள் எவை இன்னும் நிலுவையில் உள்ளன என்று ஆண்டுக்கொரு முறை உறுப்பினர் எழுதினால், அடுத்த முறை கேட்கும் கேள்விக்கும் ஒரு கனம் சேரும். பேரவை விதிகளில் 110ஆம் விதியின் கீழ் அரசின் சார்பில் வரும் அறிவிப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த விதியின் கீழ் படிக்கப்படும் அறிக்கையின் மீது விவாதம் கிடையாது. அவையில் கேள்வி கேட்க இடமில்லாத ஓர் அறிவிப்பைத் தொகுதியிலாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, நீண்ட நாள்களாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும்படி கேட்டிருந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம் தொகுதி சார்பில் எந்தப் பத்துக் கோரிக்கைகள் போயின என்பது எத்தனை வாக்காளர்களுக்குத் தெரியும்? பட்டியலை எழுதும் முன்னரோ அனுப்பிய பின்னரோ அதைப் பொதுவில் வைத்திருந்தால், எங்கள் ஊர்ப் பாலம் ஏன் பதினோராவதாகப் போனது என்று நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். வரட்டும். முன்னுரிமையைப் பற்றி மக்கள் சண்டையிடுவதற்குப் பெயர்தான் அரசியல்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைக்கிறார், நிருவாக ஒப்புதல் மாவட்ட ஆட்சியருடையது, பணம் அரசுடையது. ஆனால் அந்த நிதியில் கட்டிய பேருந்து நிழற்குடையில் பெரிய எழுத்தில் இருப்பது பரிந்துரைத்தவரின் பெயர். நிருவாகத்தைக் கண்காணிக்க வேண்டியவர்களே நிருவாகத்தில் பங்கு கொள்வதால் இத்தகைய நிதித் திட்டங்களைக் கைவிட வேண்டும் என்று இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. எனக்கும் அதே கருத்துதான். அது நடக்கும் நாள் தொலைவில் இருப்பதால், எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எது முடிந்தது, எவ்வளவு மீதம் என்ற கணக்கு ஒரு பக்கமாவது வரட்டும்.

உறுப்பினர்களை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. கால்வாய் அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் அவர்களின் வாசலில் நிற்பது நாம்தான். அப்படி நிற்க வைத்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி வரை தள்ளிப்போனது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஆண்டுகளில் மக்கள் கண்ணில் படும் ஒரே மக்கள் பிரதிநிதியிடம் எல்லாவற்றுக்கும் போனார்கள். அவரும் போகப்போக ஒரு பெரிய வார்டு உறுப்பினராக மாறிப்போனார். வார்டு உறுப்பினரின் வேலையைச் செய்பவரின் பக்கத்தில் கால்வாய்ப் படங்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை.

அறிக்கை என்றதும் வண்ணப் படங்களோடு வழவழப்பான தாளில் வரும் சாதனை மலரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவை தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. நான் கேட்பது, உறுப்பினர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் கைபேசியில் அனுப்பவும் ஏற்ற நான்கு பக்கம். அதில் நடக்காதவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். மக்களுக்குப் பயன்படும் செய்திகளும் அதில் சேரலாம். எடுத்துக்காட்டாக, பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது பொதுமக்கள் நேரடியாகவே மனு அனுப்பலாம் என்பதும், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் போன்றவற்றை அந்தக் குழு எடுத்துக்கொள்ளாது என்பதும் பலருக்குத் தெரியாது. நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய செய்தியாக வந்து போகும் அந்த அறிவிப்பைக் கடைசி நாளுக்கு முன் தொகுதி முழுவதும் கொண்டுசேர்ப்பது, ஒரு நிழற்குடை கட்டுவதைவிடக் கூடுதலான சேவை.

துறைவாரியாக நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீதான அடுத்த விவாதம் முடிந்ததும் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் மூன்று கேள்விகள் மட்டும் இருக்கும். எந்தத் துறையின் கோரிக்கையின் மீது பேசினீர்கள்? நம் தொகுதியைக் குறித்து அமைச்சர் சொன்ன பதிலின் வாசகம் என்ன? இந்தத் தொடரில் நிறைவேறிய சட்டங்களில் நீங்கள் முழுவதும் படித்தது எது? பதில் வந்தால் அவருடைய ஒப்புதலோடு இங்கே அப்படியே வெளியிடுவேன். வேறு தொகுதிகளைச் சேர்ந்த நண்பர்களும் இந்த மூன்றையே அனுப்பினால், யார் யார் பதில் எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.