அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா?

நான் கேட்டது அரை மணி நேரம். சனிக்கிழமை ராத்திரி வெறும் அரை மணி நேரம் இந்த வீட்டில் யாரும் எதையும் தொடாமல், எதையும் கேட்காமல் இருந்தால் போதும் என்றேன். என்னமோ சொத்தில் பங்கு கேட்டதுபோல ஆகிவிட்டது.

படம் 'ரிஃபிஃபி'. 1955-இல் வந்த பிரெஞ்சுக் குற்றப்படம், கறுப்பு வெள்ளை. பாரிஸில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நகைக்கடையைக் கொள்ளையடிக்கிறார்கள். அந்தக் கொள்ளை மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. சினிமா பிடித்த நண்பன் ஒருவன் இதைச் சொல்லி, "வேற எதையும் படிச்சுத் தொலைக்காதே, அப்படியே போய் உட்காரு" என்றிருந்தான். பல வருடமாக அப்படியே காப்பாற்றி வைத்திருந்தேன். விமர்சனம் படிக்கவில்லை, ஒரு காட்சித் துண்டுகூடப் பார்க்கவில்லை.

காப்பாற்றி என்ன பிரயோஜனம்? செயலியில் படத்தின் பெயரைத் தொட்டதும் நாலு வரிக் கதைச்சுருக்கம் வந்து நின்றது. முதல் மூன்று வரி சரி. நாலாவது வரியில் முடிவையே எழுதி வைத்திருக்கிறார்கள்! எழுபது வருடப் பழைய படம், யாருக்குத் தெரியாமல் இருக்கப்போகிறது என்று நினைத்தார்களா? எனக்குத் தெரியாதே ஐயா! பந்தியில் உட்காரும் முன்பே எச்சில் இலையைப் போட்டதுபோல இருந்தது. சரி, முடிவு போனால் போகட்டும், அந்த அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. ஐந்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த டோனி, அந்த இருமல், எல்லாவற்றிலும் சலித்துப்போன அந்த முகம். ழான் செர்வே என்ற நடிகர். அந்த ஆள் சும்மா உட்கார்ந்து சீட்டு ஆடினாலே பார்த்துக்கொண்டிருக்கலாம். இயக்குநர் ஜூல்ஸ் டாஸின். பெயரை வைத்துப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். மனிதர் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் சேர்த்து ஹாலிவுட் விரட்டிவிட, வருடக்கணக்கில் படம் இல்லாமல் இருந்து, பாரிஸில் குறைந்த செலவில் எடுத்த படம் இது. கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கியது. பெட்டகம் உடைக்கிற நிபுணராக நடித்திருப்பதும் அவர்தான், பெர்லோ வீட்டா என்ற வேறு பெயரில்.

கொள்ளை ஆரம்பித்தது. கடைக்கு மேலே இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து தரையைக் குடைகிறார்கள். கீழே கடையில் இருக்கும் அலாரம் லேசான அதிர்வுக்கே அலறிவிடும். அதனால் உளியைத் துணி சுற்றிக்கொண்டு தட்டுகிறார்கள், ஒருவருக்கொருவர் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோபா நுனிக்கு வந்துவிட்டேன்.

உள்ளிருந்து அம்மா: "என்னடா, டிவியில சத்தம் போயிடுச்சா?"

"இல்லம்மா, படமே அப்படித்தான்."

"அது எப்படிடா படமே அப்படி இருக்கும்?"

இதற்குள் மச்சினன் எழுந்துவிட்டான். ஊரிலிருந்து ஒரு வேலையாக வந்தவன், வந்த வேலையை விட்டுவிட்டு என் ரிமோட்டை எடுத்தான். "இருங்க மாமா, நான் பார்க்கறேன்." பதினெட்டில் இருந்த ஒலியை அறுபதுக்கு ஏற்றினான். ஏற்றியும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க ஒன்றும் இல்லை! "ஸ்பீக்கர் போயிடுச்சு போல மாமா" என்று தீர்ப்பு வேறு.

திரையில் அந்த நேரம் தரையில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக மடக்கிய குடை ஒன்றைக் கீழே விடுகிறார்கள். குடை எதற்கு? இதற்காகத்தானே நான் இத்தனை வருடம் எதையும் படிக்காமல் இருந்தேன்! குடை மெதுவாக இறங்குகிறது...

"மூட்டு வலியா?! முழங்கால் வலியா?!"

விளம்பரம். அறுபதில். தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டது, மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள், கீழ் வீட்டு நாய் குரைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கே சத்தம் அடங்குகிறதோ அங்கே ஒரு விளம்பரத்தைச் சொருகு என்று எந்திரத்துக்குச் சொல்லி வைத்திருப்பார்கள் போல. அந்த இடத்தில் மௌனம் தானாக வரவில்லை ஐயா. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதியே கொடுத்துவிட்டார். டாஸின் அவரை உட்காரவைத்து, இசையோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை போட்டுக் காட்டியபோது, இசை வேண்டாம் என்று ஓரிக்கே சொல்லிவிட்டாராம். இசையமைத்தவரே ஒதுங்கிக்கொண்ட இடத்தில் முழங்கால் தைலக்காரன் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்! நான் மாதாமாதம் காசு கட்டுகிறேன். போதாதாம், இன்னும் கொஞ்சம் கட்டினால்தான் தைலக்காரன் போவானாம்.

விளம்பரம் முடிந்து படம் வந்ததும் மச்சினன், "ஒண்ணுமே நடக்கலையே மாமா, கொஞ்சம் தள்ளிவிடறேன்" என்று நாலு தட்டு தட்டினான். குடை விரிந்து, உள்ளே காரையும் கல்லும் நிறைந்து தொங்குகிறது. உடைந்து விழுவது கடைத் தரையில் விழுந்து சத்தம் போடாமல் இருக்கத்தான் குடை! நான் கண்ணால் கண்டு "அடேயப்பா" என்று சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை விடைத்தாள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினேன். ஓட்டினால்? மறுபடி முழங்கால் வலி.

அலாரத்துக்குள் தீயணைப்பானின் நுரையை அடித்து அதன் வாயை அடைக்கிற இடம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மச்சினன் சொல்கிறான்: "இதெல்லாம் எல்லாக் கொள்ளைப் படத்துலயும் பார்த்ததுதானே மாமா." டேய், அவர்களெல்லாம் இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள்டா! பேரனை முதலில் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு அவன் மூக்கு என்று சொல்வாயா?

நிறுத்திவிட்டேன். ஒரு மணிக்கு எல்லோரும் தூங்கியபிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அரை மணி நேரத்தை முதலிலிருந்து பார்த்தேன். பிரமாதம். ஆனால் குடை இறங்கும்போது அது எதற்கென்று எனக்குத் தெரியும். தெரியாமல் பார்க்கிற அந்த ஒரு தடவையை இனி யார் கொண்டுவந்து கொடுப்பார்கள், தைலக்காரனா?

காலையில் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள்: "ராத்திரி அந்தக் குடையை எதுக்குடா உள்ள விட்டாங்க?"

பார்த்திருக்கிறாள்! எனக்கு ஒரே சந்தோஷம். "சொல்ல மாட்டேம்மா, இன்னிக்குச் சாயந்திரம் முழுசா உட்கார்ந்து பாரு" என்றேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த மச்சினன் வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தான். "அத்தை, குடை கிடக்கட்டும். கடைசியில அந்த டோனி இருக்கான்ல..."