ஏரியைத் தூர்வாருகிறோம், சரி. மலைச்சரிவை யார் பார்ப்பது?

எங்கள் ஊர் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் இருக்கிறது. போன வாரம் ஏரியில் வண்டல் அள்ளினார்கள். நானும் கொல்லைக்கு நாலு டிராக்டர் மண் அடித்தேன். கருப்பாக, கையில் பிடித்தால் மாவு மாதிரி இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்பும் இதே ஏரியில் இதே இடத்தில் அள்ளினோம். அதற்குள் மறுபடியும் இவ்வளவு மண் எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடாமல் பண்ணுகிறது.

போன ஐப்பசியில் ஒரு பெரிய மழைக்கு மறுநாள் காலையில் ஓடை வழியாகவே மேலே நடந்தேன். ஒரு மைல் தாண்டி ஓடை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை காப்புக்காட்டிலிருந்து வருகிறது. இன்னொன்று மரவள்ளி போட்ட சரிவிலிருந்து. இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து திண்ணையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் காட்டு ஓடைத் தண்ணீரில் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு மட்டும். மரவள்ளிப் பக்கத்துப் பாட்டிலில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண். அதோடு போகவில்லை. மரவள்ளிப் பக்கத்து ஓடை மூன்றே நாளில் காய்ந்துவிட்டது. காட்டு ஓடையில் பொங்கல் வரைக்கும் கொலுசு நனைகிற அளவுக்காவது தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. நம் பக்கத்துப் பாறை சார்னோகைட், நைஸ் என்கிற வகைகள். கெட்டிப்பாறை, அது தண்ணீரைக் குடிக்காது. குடிப்பதெல்லாம் பாறைக்கு மேலே இருக்கிற மேல்மண்ணும், அதற்கடியில் மக்கி உதிர்ந்த மொரம்பும், பாறை வெடிப்புகளும்தான். காட்டில் இலைச்சருகு மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது, வேர் விட்ட துளைகளில் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அப்புறம் மொரம்பு வழியாக மெதுவாக நகர்ந்து வந்து ஓடையில் கசிகிறது. சரிவை மேலிருந்து கீழாக உழுது, கிழங்கு பிடுங்கி மண்ணைப் புரட்டிப் போட்டால் மழை உள்ளே இறங்க நேரமே இல்லை. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. அந்த மொரம்பும் மேல்மண்ணும் உருவாக ஆயிரக்கணக்கான வருடம் ஆகியிருக்கும். நாம் ஏரியில் அள்ளுவது வண்டல் இல்லைங்க, மலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியையே துண்டு துண்டாக அள்ளுகிறோம்.

2024 டிசம்பர் முதல் தேதி ராத்திரியை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஊத்தங்கரையில் சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். 50 சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கோடி லிட்டர். அப்படிப்பட்ட மழையை எந்தக் காடும் முழுசாக நிறுத்தாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்பது ஆற்றியலில் பழைய கணக்கு. சரிவில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கீழே பாலமும் வீடும் தப்பிக்க எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் மாமா ஒருவர், "தடுப்பணை பூரா மணல் ஏறிப்போச்சு, காசு தண்டம்" என்கிறார். நான் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். மணல் நிரம்பிய தடுப்பணையும் வேலை செய்கிறது. மணலின் இடுக்கில் தண்ணீர் நிற்கும், வெயிலில் அவ்வளவாக ஆவியாகாது. ஓடையின் சரிவும் அந்த இடத்தில் குறைகிறது. அதற்குக் கீழே இருக்கிற எங்கள் கிணற்றில் சித்திரையிலும் ஒரு ஆள் மட்டம் தண்ணீர் இருக்கிறது. என் வருத்தம் வேறு. தடுப்பணையை முதலில் கட்டி, மேலே சரிவை அப்படியே விட்டுவிட்டோம். நீர்ப்பிடிப்பு வேலையை முகட்டில் தொடங்கிக் கீழே வர வேண்டும் என்று திட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கான்கிரீட் போட்டால் கண்ணுக்குத் தெரியும், சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கிக் கட்டுகிற கல்வரப்பு தெரியாது.

மேலே இருக்கிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு காலத்தில் சாமையும் தினையும் போட்டார்கள். இப்போது கைக்குக் காசு தருவது மரவள்ளிதான். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டாமா? ஆகவே கல்வரப்பு கட்டுகிற கூலியை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். கல் அங்கேயே கிடக்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவதற்குக் கூடுதல் செலவும் இல்லை. வரப்பு ஓரம் வெட்டிவேரோ புல்லோ வைத்தால் மாட்டுக்கும் ஆகும். ஏரியில் ஏழு வருடத்துக்கு ஒரு தடவை மெஷின் இறக்குகிற பணத்தில் ஒரு பங்கு போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாட்டில் இரண்டும் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். மேலே மரவள்ளி போடுகிற இரண்டு அண்ணன்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் நான் பேசப் போகிறேன்.