வட்டத்தை நம்பி நிலையம் கட்டாதீர்கள்

எந்த ரயில் நிலையத் திட்ட வரைபடத்தைப் பார்த்தாலும் அதில் இரண்டு வட்டங்கள் இருக்கும். நிலையத்தை நடுவில் வைத்து 400 மீட்டரில் ஒன்று, 800 மீட்டரில் மற்றொன்று. ஐந்து நிமிட நடை, பத்து நிமிட நடை என்று பொருள். உள்ளே குடியிருப்பவர்கள் எல்லோரும் நடந்தே வந்துவிடுவார்களாம். அந்த வட்டங்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

அது அளவுகோல் வைத்து இழுத்த தூரம். மனிதர்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள். கட்டம் கட்டமாகத் தெருக்கள் நெருங்கி அமைந்த நல்ல ஊரில்கூட, 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் சுமார் 64 விழுக்காடுதான். நடுவில் ஒரு நீண்ட சுற்றுச்சுவரோ, ஒரே வாசல் உள்ள குடியிருப்பு வளாகமோ, கடக்க முடியாத அகலச் சாலையோ வந்துவிட்டால் அதிலும் பாதி போய்விடும். நிலையம் கண்ணுக்குத் தெரியும்; போய்ச் சேர கால் மணி நேரம் ஆகும். அந்தச் சுவரில் ஒரு சிறிய வாசல் திறந்தால் எத்தனையோ வீடுகள் ஒரே நாளில் நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளாகிவிடும். ஆனால் நிலையம் ஒரு துறையிடம், சாலை இன்னொரு துறையிடம், சுவர் தனியாரிடம். வாசலைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டியிருக்கிறோமே என்பார்கள். கார் சமதரையில் போக, முழங்கால் வலியோடு வரும் பெரியவர் ஏன் படியேற வேண்டும்?

வாசலை ஒட்டிய நிலத்தை வாகன நிறுத்துமிடமாக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். அந்த இடத்தில் மருந்துக் கடையோ குழந்தைகள் காப்பகமோ இருந்தால், வேலை முடிந்து வருகிறவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். (ஊருக்கு வெளியே உள்ள கடைசி நிலையங்களின் நிலைமை வேறு, அங்கே நிறுத்துமிடம் தேவைதான்.)

நிலையத்தைச் சுற்றியே ஊரை அமைப்பது நடக்காத கதை அல்ல. கோபன்ஹேகன் 1947-லேயே ரயில் பாதைகளை ஒட்டி விரல்களைப் போல நகரம் வளரத் திட்டமிட்டது. பிற்பாடு, பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற விதியும் வந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் நிர்வாகம், மெட்ரோவை நெடுஞ்சாலையின் நடுவே கொண்டுபோகாமல் பழைய கடைவீதியின் அடியில் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. 1979-இல் அங்குள்ள பால்ஸ்டன் பகுதி வரை ரயில் ஓடியது. இன்று அந்த நிலையங்களைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள். சில தெருக்கள் தள்ளிப்போனால் தனி வீடுகள்.

ஒரு கவலையும் இருக்கிறது. நடக்க வசதியான இடத்தில் வாடகை ஏறும். பஸ்ஸையும் ரயிலையும் நம்பியே வாழ்கிறவர்கள்தான் முதலில் வெளியேற்றப்படுவார்கள். அவர்களுக்கான வீடுகளுக்கு நிலத்தைப் பாதை அறிவிப்புக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த நிலத்தை வாங்க அரசே திணறும்.